ஒண்ணுமே இல்லாத ஊரு

ஒண்ணுமே இல்லாத ஊருக்கு அனுப்பி வச்ச அந்தப் புண்ணியவான் நான்தாங்க. எல்லாரும் ஷேர் பண்ணி சிரிச்சு முடிச்சாச்சுன்னா இப்ப நான் கொஞ்சம் பேசிக்கிறேன்.

நான் போட்ட சின்ன ஊரு லிஸ்ட்டைப் பாத்துட்டு ஜெர்மனில இருக்கற க்வெட்லின்பர்க்குக்குப் போன ஒரு அண்ணன், "ஒண்ணுமே இல்லாத ஊரு, ஒரு நாள் வேஸ்ட்"னு பதிவு போட்டு, என்னை வேலைவெட்டி இல்லாதவன்னும் எழுதியிருந்தாரு. அதை இன்னும் விளக்க வேண்டியதில்ல, உங்கள்ல பாதிப் பேரு அங்க லைக் போட்டுட்டுதான் இங்க வந்திருப்பீங்க. ஸ்க்ரீன்ஷாட்ல என் பேரை மஞ்சள் கலர்ல அழகா மறைச்சிருந்தாரு, பக்கத்துலயே என் போட்டோ பல்லைக் காட்டிட்டு நிக்குது. நன்றிண்ணே.

எனக்கு ஒரே ஒரு கேள்விதான். எவ்வளவு நேரம் இருந்தீங்க?

அவரு போட்ட போட்டோவே பதில் சொல்லுது. முதல் போட்டோ ஸ்டேஷன் கடிகாரத்துக்குக் கீழ, மணி ரெண்டே முக்கால். கடைசிப் போட்டோ திரும்புற ட்ரெயின்ல சிப்ஸ் பாக்கெட்டோட, ஜன்னலுக்கு வெளிய இருட்டு. அது நவம்பர் மாசம், அந்தப் பக்கம் நாலரைக்கெல்லாம் இருட்டிடும். அதுவும் ஞாயித்துக்கிழமை. ஜெர்மனில ஞாயித்துக்கிழமை கடை திறக்கக் கூடாதுன்னு சட்டமே இருக்கு, பேக்கரி, சாப்பாட்டுக் கடை, ஸ்டேஷன் கடை மாதிரி சிலதுக்குத்தான் விலக்கு. இதை நான் லிஸ்ட்லயே தெளிவா எழுதியிருந்தேன். ஆக மொத்தம் கடை மூடின நாள்ல, தூறல்ல, வெளிச்சத்துல ரெண்டு மணி நேரம் கூட முழுசா இல்ல. அதுக்குப் பேரு "ஒரு நாள் வேஸ்ட்".

சரி, அந்த க்வெட்லின்பர்க்ல அப்படி என்னதான் இல்லன்னு பாப்போம். மரச்சட்டம் கட்டி நடுவுல வைக்கோல் கலந்த களிமண்ணை அடைச்ச வீடு மட்டும் அந்தச் சின்ன ஊர்ல ரெண்டாயிரம் இருக்கு. 1994ல யுனெஸ்கோக்காரன் பழைய ஊரையும் மலை மேல இருக்கற கோட்டை, தேவாலயத்தையும் சேத்துப் பட்டியல்ல போட்டான், அவனும் என்னை மாதிரி வேலைவெட்டி இல்லாதவன்போல. (அந்த வார்த்தையையும் படிச்சேன்ணே.) அந்த மலை மேல இருந்த மடம் 936ல ஆரம்பிச்சது, 1800களோட தொடக்கம் வரைக்கும், எண்ணூத்தி அறுபது வருஷத்துக்கு மேல, தலைமை பொம்பளைங்க கையிலதான். ஜெர்மனில முதன்முதலா டாக்டர் பட்டம் வாங்கின பெண் டொரோத்தேயா எர்க்ஸ்லேபன் பொறந்த ஊரும் இதுதான், பட்டம் வாங்கினது 1754ல. தேவாலயத்துப் பொக்கிஷத்துல கொஞ்சத்தை 1945ல ஒரு அமெரிக்க சிப்பாய் சுட்டு, ராணுவத் தபால்ல டெக்ஸாஸுக்கு அனுப்பிட்டான், அவன் செத்த பிறகு சொந்தக்காரங்க விக்கப் போயி மாட்டி, தொண்ணூறுகள்லதான் ஊருக்குத் திரும்பி வந்துச்சு. இப்ப அது கண்ணாடிக்குப் பின்னாடி இருக்கு. படி ஏறணும். அண்ணன் ஏறல, கீழ நின்னு மலையை மட்டும் ஒரு செல்ஃபி.

இதெல்லாம் ரெண்டு மணி நேரத்துல பாக்க முடியாதா? முடியும்தான். அதில்ல நான் சொல்றது. சின்ன ஊருல "பாயின்ட்" கிடையாது. அங்க போயி "அடுத்து என்ன, அடுத்து என்ன"ன்னு தேடினா ஒண்ணும் இருக்காது. ஒரு ராத்திரி தங்கணும். சாயங்காலம் டே ட்ரிப் கூட்டம் போன பிறகு அந்தக் கல்லு பதிச்ச தெருவுல நடக்கணும். தெருவுல நம்ம செருப்புச் சத்தம் மட்டும் கேக்கும். அதுக்குத்தான் அந்த ஊரு. எவ்வளவு நேரம் இருந்தீங்கன்னு கேக்கறது நக்கலுக்கு இல்லண்ணே, நிஜமாவே அதுதான் விஷயம்.

2018 மே மாசம் அப்பா அம்மா வந்திருந்தாங்க. நானும் எல்லாரையும் மாதிரி முதல்ல பாரிஸுக்குத்தான் கூட்டிட்டுப் போனேன், அதை ஒத்துக்கறேன். ஈபில் டவர் லிஃப்ட் க்யூவுல நின்ன நேரத்துல கும்மோணத்துலேர்ந்து மாயவரம் போயிட்டு வந்திருக்கலாம். மேல ஏறி முழு பாரிஸும் காலடில கிடக்குது, அப்பா கேட்ட ஒரே கேள்வி "பாத்ரூம் எங்கடா இருக்கு". வெனிஸ்ல அம்மாவுக்குக் கால் வீங்கிடுச்சு. எனக்கு லீவும் தீந்து காசும் தீந்து, லைப்சிக்ல வீட்டுல சும்மா உக்காந்திருக்காங்களேன்னு ஒரு சனிக்கிழமை கூட்டிட்டுப் போனதுதான் க்வெட்லின்பர்க். ஹாலேல ஒருதடவை, ஹால்பர்ஷ்டாட்ல ஒருதடவை ட்ரெயின் மாறணும், "என்னடா பஸ் மாதிரி மாத்திக்கிட்டே போற"ன்னு வழியெல்லாம் திட்டு.

எங்கப்பா மரவேலை பாத்தவரு. நாப்பது வருஷம் கதவு, நிலை, ஜன்னல், தேர் வேலை கொஞ்சம். ஸ்டேஷன்லேர்ந்து நடந்து பழைய ஊருக்குள்ள நுழைஞ்சு முதல் தெரு, முதல் வீடு. அங்கயே நின்னுட்டாரு. சட்டத்தைக் கையால தடவுறாரு, விரல் முட்டியால தட்டிப் பாக்குறாரு, "தேக்கு இல்ல, ஆனா உளுக்கல பாத்தியா"ங்கறாரு. போன்ல தேடி ஓக் மரம்னு சொன்னேன். ஒரு மரத்துல துளை போட்டு, இன்னொண்ணோட நுனியைச் செதுக்கி உள்ள செருகி, குறுக்கால மர ஆணி அடிச்சிருக்கான், இரும்பு ஆணியே கிடையாது. "இவனும் நம்மள மாதிரிதான்டா செஞ்சிருக்கான்"னு அம்மாவைக் கூப்புட்டுக் காட்டுறாரு, அம்மாவுக்கு அதுல என்ன அக்கறை, ஐஸ்கிரீம் வாங்கிட்டு வெயில்ல உக்காந்துட்டாங்க. உத்தரத்து நுனியை எல்லாம் பிரமிடு மாதிரி கூரா செதுக்கியிருப்பான் அந்த ஊர்ல, அதை மட்டும் வீடு வீடா பாத்துட்டு வந்தாரு. வோர்ட்காசன்னு ஒரு சந்துல ரொம்பப் பழைய வீடு ஒண்ணை மியூசியமா வச்சிருக்காங்க, 14ஆம் நூற்றாண்டு நடுவுல கட்டினது. "அப்ப நம்ம பக்கம் யாரு ஆண்டுக்கிட்டு இருந்தா"ன்னாரு. மதுரைல சுல்தானுங்கன்னேன். கொஞ்ச நேரம் பேசல.

அப்புறம் ஒரு வீட்டுல ரிப்பேர் வேலை. சாரத்து மேல ஒரு தச்சன், அங்கத்து மரவேலைக்காரங்க போடுற கருப்பு பெல்பாட்டம் பேன்ட்டோட. அப்பாவுக்கு ஜெர்மன் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது, ரெண்டு பேருக்கும் இங்கிலீஷ் தெரியாது. இருபது நிமிஷம் பேசினாங்க. எல்லாம் கையாலதான். போறப்ப அவன் ஒரு மர ஆணியை எடுத்து அப்பா கையில குடுத்தான். சுண்டு விரல் நீளம்தான் இருக்கும். ஈபில் டவர் சாவிக்கொத்து எங்க போச்சுன்னு தெரியல, அந்த ஆணி இன்னைக்கும் எங்க வீட்டு சாமி அலமாரில விபூதி டப்பாவுக்குப் பக்கத்துல இருக்கு.

இப்ப வருவீங்க. "உங்களுக்கென்ன, அங்கயே இருக்கீங்க. நாங்க லோன் போட்டு வாழ்க்கைல ஒருதடவை வர்றோம், ஷெங்கன் விசாவுக்கே ஆளுக்கு 90 யூரோ, இதுல ஈபில் டவர் பாக்காம மரவீட்டையா பாக்க முடியும்?" நியாயம். நூத்துக்கு நூறு நியாயம். பாருங்க. நான் எங்கயாவது பாரிஸ் போகாதீங்கன்னு எழுதினேனா? 12 நாள்ல 7 நாடு போறவங்க தாராளமா போங்க, ஆனா அந்தப் 12 நாள்ல ரெண்டு மணி நேரத்தை எனக்குப் பிச்சை போட்டுட்டு அப்புறம் என்னைத் திட்டாதீங்கன்னுதான் சொல்றேன்.

"சைவச் சாப்பாடு கிடைக்கல." உருளைக்கிழங்கு இருக்கு, சீஸ்கேக் இருக்கு. அடுத்த கேள்வி.

"கிழக்கு ஜெர்மனி நம்ம கலருக்குப் பாதுகாப்பா?" இது வெட்டிக் கேள்வி இல்ல, இதுக்கு நக்கலா பதில் சொல்ல மாட்டேன். முறைச்சுப் பாத்திருக்காங்க. ஒருதடவை ட்ரெயின்ல பக்கத்து சீட்லேர்ந்து எழுந்து போயிருக்காங்க. அதே தடத்துல ஒரு பாட்டி வீட்டுல பறிச்ச செர்ரிப் பழம் குடுத்திருக்காங்க. எனக்கு ஒண்ணும் ஆகல. உங்களுக்கும் ஆகாதுன்னு என்னால கையெழுத்துப் போட முடியாது.

இன்னொருத்தர் அங்க கமென்ட்ல எழுதியிருந்தாரு, "இவனுங்க லிஸ்ட் போட்டுப் போட்டே அமைதியான ஊரையெல்லாம் நாசம் பண்றானுங்க". ஒருபக்கம் ஒண்ணுமே இல்லங்கறீங்க, இன்னொரு பக்கம் நாசமாப் போகுதுங்கறீங்க, ரெண்டுல ஒண்ணை முடிவு பண்ணுங்கப்பா. ஆனா இதுக்கு எங்கிட்ட ஒழுங்கான பதில் இல்ல. ஆஸ்திரியால ஹால்ஷ்டாட் தெரியும்ல, ஏரிக்கரைல படம் வரைஞ்ச மாதிரி இருக்குமே, அங்க குடியிருக்கறது எழுநூத்திச் சொச்சம் பேரு, சீசன்ல ஒரு நாளைக்குப் பத்தாயிரம் பேர் வரைக்கும் வந்து இறங்குறாங்க. 2023ல செல்ஃபி கூட்டம் தாங்காம மரப்பலகை வச்சு வியூவை மறைச்சாங்க, எதிர்ப்பு வந்து எடுத்துட்டாங்க. சீனால அதே ஊரு மாதிரி ஒண்ணு கட்டி 2012லயே திறந்துட்டான், அவனாவது புத்திசாலி. வெனிஸ்ல 2024லேர்ந்து கூட்டமான நாள்ல டே ட்ரிப் வர்றவங்ககிட்ட காசு வாங்குறாங்க, ஆரம்பத்துல 5 யூரோ. க்வெட்லின்பர்க் அப்படி ஆனா அதுல என் பங்கு ஒண்ணாவது இருக்கும்தான். சரி, விடுங்க.

என் லிஸ்ட்ல இருந்த கோர்லிட்ஸை யாருமே பேசல, அதுவும் எனக்கு வருத்தம்தான். ட்ரெஸ்டன்லேர்ந்து லோக்கல் ட்ரெயின்லயே போயிடலாம். நடுவுல நைஸ்ஸ ஆறு, இந்தக் கரை ஜெர்மனி, அந்தக் கரை போலந்து. 1945ல குண்டு வச்சுத் தகர்த்த பாலத்தைத் திரும்பக் கட்டி 2004ல திறந்தாங்க, நடந்தே அடுத்த நாட்டுக்குப் போயி சூப் குடிச்சுட்டு வரலாம். (பாஸ்போர்ட் கையில வச்சுக்கோங்க, 2023லேர்ந்து மறுபடி பார்டர்ல செக் பண்றாங்க.) உன்டர்மார்க்ட்ங்கற பழைய மார்க்கெட் சதுக்கத்துல ஒரு வாசல் வளைவு இருக்கு, இந்தப் பக்கம் காதை வச்சுக்கிட்டா அந்தப் பக்கம் கிசுகிசுக்கறது வளைவு வழியா வந்து கேக்கும். இன்னொண்ணு. 1995லேர்ந்து 2016 வரைக்கும் வருஷா வருஷம் யாரோ ஒருத்தர் பழைய கட்டடங்களைச் சரிபண்ணச் சொல்லி அந்த ஊருக்குப் பத்து லட்சம் மார்க் அனுப்பிட்டே இருந்தாரு, அப்புறம் யூரோ வந்ததும் அதே மதிப்புக்கு யூரோல. யாருன்னு இன்னைக்கு வரைக்கும் வெளிய சொல்லல. நம்ம ஊர்ல ட்யூப்லைட் குடுத்தவரு வெளிச்சத்தையே மறைக்கிற அளவுக்குப் பேரு எழுதுவாரு.

செக்ல டெல்ச் இருக்கு, ஸ்லோவேனியால ப்டுய் இருக்கு, பெல்ஜியத்துல மெகலென், கூட்டமெல்லாம் ப்ரூஜுக்கு ஓடறதால நிம்மதியா இருக்கற ஊரு, கோபுரத்துல 538 படி. இப்படி எழுதிட்டே போகலாம், எழுதினா "ஒண்ணுமே இல்ல"ன்னு வரும்.

இவ்வளவு கோவம் எதுக்குன்னு வீட்டுல கேட்டாங்க. ஒரு ஊரைத்தானே சொன்னாரு, உன்னையா சொன்னாருன்னு. விஷயம் என்னன்னா அந்தப் பதிவு சுத்திச் சுத்தி எங்கப்பா போனுக்கும் போயிடுச்சு. அவருக்கு யாரு அனுப்பினதோ. நேத்து கூப்பிட்டாரு. "ஏம்ப்பா, இது நாம போன ஊருதானே? ஒண்ணுமில்லன்னு எழுதியிருக்கானே"ன்னாரு. ஏதோ அவரு செஞ்ச கதவை யாரோ கோணல்னு சொன்ன மாதிரி குரலு. நான் "அவரு நவம்பர்ல போயிட்டாருப்பா"ன்னேன். "அதான் பாத்தேன்"னு வச்சுட்டாரு. இன்னும் ரெண்டு வாரம் தள்ளிப் போயிருந்தாக்கூட அட்வென்ட் (கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரங்கள்) வார இறுதில அந்த ஊருக்காரங்க அவங்கவங்க வீட்டு உள்முற்றத்தையே திறந்து விட்டிருப்பாங்கண்ணே, சொந்த வீட்டுக்குள்ள உங்களைக் கூப்பிட்டு டீ, கேக் விப்பாங்க. உங்க அதிர்ஷ்டம் அப்படி.

இதை எழுதி முடிச்சுட்டு, ஞாயித்துக்கிழமை போகாதீங்கன்னு நான் எழுதின வரியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து இங்க போடலாம்னு பழைய பதிவைத் தேடிப் போனேன். பதிவுல இல்ல. கீழ யாரோ கேட்டதுக்கு முப்பதாவது கமென்ட்ல சொல்லியிருக்கேன். மேல நான் "தெளிவா எழுதியிருந்தேன்"னு சொன்னதை அழிக்க மனசு வரல, அப்படியே கிடக்கட்டும். பழைய பதிவோட முதல் வரில இப்ப சேத்துட்டேன். கூடவே இன்னொண்ணும் சேத்திருக்கேன், ஜெர்மனி முழுக்கச் செல்லுபடியாகுற மாசாந்திர லோக்கல் ட்ரெயின் பாஸ் (டாய்ச்லாண்ட் டிக்கெட்) 49 யூரோல ஆரம்பிச்சு இப்ப 63 ஆயிடுச்சு, அது சந்தா மாதிரி, அந்த மாசம் 10ஆம் தேதிக்குள்ள நீங்களா கேன்சல் பண்ணலன்னா அடுத்த மாசமும் காசு எடுத்துருவாங்க. அப்புறம் அதுக்கும் என்னைத் திட்டுவீங்க.

மச்சான், நாலு நாள் என் வீட்டுல தங்கி, நான் கூட்டிட்டுப் போன அதே தெருவுல நின்னு ப்ரொஃபைல் பிக்சர் எடுத்தவன் நீ. அந்தப் பதிவுல உன் ஹாஹாவை எடுத்துரு. நான் பாத்துட்டேன்.