ஏழைப் பயணியின் பெயரால்

விமானப் பயணத்துக்கு வரி போடுவது பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். "டிக்கெட்டுக்கு வரி போட்டால் சாமானியன் பறக்க முடியாது" என்று உலக விமான நிறுவனங்களின் சங்கமான ஐயாட்டா வாதாடுவதாக அது சொல்கிறது. அந்தச் சாமானியன் நாங்கள்தான் ஐயா. குமரி மாவட்டத்தில் விமான நிலையம் கிடையாது. கருங்கல், மார்த்தாண்டம், குளச்சல் ஆட்கள் வளைகுடா போக வேண்டுமென்றால் அட்டைப்பெட்டியைக் கயிறு போட்டுக் கட்டி, களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போகணும். ஓணம், கிறிஸ்துமஸ் நேரத்தில் டிக்கெட் விலை எகிறுதே, அப்போ இந்தக் கரிசனம் எங்கே போச்சு? விலை எகிறுவதுக்கு வரியா காரணம்? சாதாரண வகுப்புக்கு ஜிஎஸ்டி வெறும் 5 சதவீதம்!

எரிபொருள் கதை இன்னும் வேடிக்கை. விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் சேர்ந்து போட்ட 1944 சிகாகோ உடன்படிக்கை, அதைத் தொடர்ந்து நாடுகள் தங்களுக்குள் போட்ட ஒப்பந்தங்கள் புண்ணியத்தில் வெளிநாடு போகிற விமானங்களின் எரிபொருளுக்குப் பெரும்பாலும் வரியே இல்லை. விமான நிலையத்துக்கு நாங்கள் ஏறிப் போகிற பஸ்ஸின் டீசலுக்கு உண்டு. (உள்நாட்டு விமான எரிபொருளுக்குத் தமிழ்நாட்டில் 29 சதவீத வாட் வரி என்ற புகாரில் நியாயம் இருக்கு, அதைத் தனியாகப் பேசட்டும்.)

2025-ல் ஸ்பெயினின் செவில் நகரில் நடந்த ஐ.நா. மாநாட்டில் பிரான்ஸ், ஸ்பெயின், கென்யா உட்பட 8 நாடுகள் வரி போடலாம் என்று சொன்னது பிசினஸ் கிளாஸுக்கும் தனியார் ஜெட்டுக்கும். அதையும் ஐயாட்டா எதிர்க்கிறது. தனியார் ஜெட்டில் சவுதிக்குக் கொத்தனார் வேலைக்குப் போன கருங்கல்காரர் யாராவது இருந்தால் இங்கே சொல்லுங்கள்.