கொடி ரோஜாவிடம் கத்தரிக்கோல் செல்லாது
படரும் கொடியை இரண்டு முறை அடியோடு வெட்டினால் பட்டுப்போகும் என்று ஒரு கட்டுரை சொல்கிறது. மெக்சிகோவிலிருந்து வந்த கொடி ரோஜாவிடம் (பெயரில்தான் ரோஜா, உண்மையில் ஆண்டிகோனன் என்ற படர்கொடி) அது நடக்காது. அதன் உயிர் மண்ணுக்குள் கிழங்கில் இருக்கிறது. கானாடுகாத்தானில் எங்கள் வீட்டுப் பின்கட்டில், கிணற்றடிச் சுவரை மறைக்கட்டும் என்று ஒரே ஒரு கன்று வைத்தேன். பூ அழகுதான், தேனீயும் மொய்க்கும், மறுக்கவில்லை. மூன்றாம் வருடம் நாட்டு ஓட்டுக்கு அடியில் நுழைந்து ஒரு வரிசையையே கிளப்பிவிட்டது. இந்தக் காலத்தில் ஓடு மாற்ற ஆளுக்கு எங்கே போவது? கடப்பாரையால் தோண்டியபோது கிழங்குகள் கொத்துக் கொத்தாக வந்தன. விட்டுப்போன துண்டுகள் ஐப்பசி மழைக்குத் துளிர்த்துவிட்டன. தொட்டியில் வைக்கலாமே என்று கேட்பவருக்கு: விதை தொட்டிக்குள்ளேயேவா விழும்? பிடுங்கியதை நான் மதிலோரம் குவித்து வைத்தேன். பக்கத்து வீட்டு ஆச்சி இப்போது என்னோடு பேசுவதில்லை.