முத்தோரை சரிவில் நின்று பார்க்க வேண்டியது

ஊட்டிக்கு வரும் பள்ளிச் சுற்றுலா பஸ்கள் எங்கெல்லாம் நிற்கும் என்று இங்கே எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பொட்டானிக்கல் கார்டன், போட் ஹவுஸ், தொட்டபெட்டா, அப்புறம் வர்க்கி, சாக்லேட். முத்தோரை பாலாடா பக்கம் ஒரு பஸ் திரும்பினால் அதிசயம். ரொம்ப நாளாக இது எனக்கு உறுத்தல்.

அங்கே மலைச்சரிவில் ஒரு ரேடியோ தொலைநோக்கி படுத்திருக்கிறது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். வரிசையாக 24 பெரிய இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேல் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எவர்சில்வர் கம்பிகள். கம்பிகளின் ஊடே வானம் தெரியும். இத்தனை ஓட்டை இருந்தால் எதைப் பிடிக்கும் என்று தோன்றும். அது வானத்திலிருந்து வாங்கும் ரேடியோ அலையின் நீளம் கிட்டத்தட்ட 92 சென்டிமீட்டர். அவ்வளவு நீள அலைக்கு இந்தச் சின்ன இடைவெளி ஒரு பொருட்டே இல்லை, முழுத் தகட்டில் பட்டதுபோலத் திரும்பிவிடும். காற்று மட்டும் உள்ளே புகுந்து போய்விடும். ஆடிக் காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் என்னை அசத்துவது கம்பி இல்லை, சரிவு. பூமி சுழல்வதால் வானத்தில் இருப்பதெல்லாம் மேற்கே நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஒன்றை விடாமல் பின்தொடர, பூமியின் அச்சுக்கு இணையான அச்சில் தொலைநோக்கியைத் திருப்ப வேண்டும். அரை கிலோமீட்டர் நீள இரும்பை அப்படிச் சாய்த்து நிறுத்த எத்தனை கோபுரம் கட்டுவது? 1963ல் அமெரிக்காவிலிருந்து டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்கு வந்த கோவிந்த் ஸ்வரூப் வேறு மாதிரி யோசித்தார். ஊட்டி இருப்பது சுமார் 11 டிகிரி அட்சரேகையில். தெற்கிலிருந்து வடக்கே அதே 11 டிகிரியில் ஏறும் ஒரு மலை கிடைத்தால், தொலைநோக்கியை அதன்மேல் படுக்க வைத்தாலே போதும், அச்சு தானாக இணையாகிவிடும். தேடினார்கள், கிடைத்தது. 1970ல் வேலைக்கு வந்தது. ஒரே அச்சில் உருட்டிக்கொண்டே ஒன்பதரை மணி நேரம் ஒரு பொருளைப் பார்க்கலாம். மலையில் பாதிக் கருவி ஏற்கெனவே இருந்திருக்கிறது, பார்க்கத்தான் ஆள் வேண்டியிருந்தது!

இன்னொரு யோசனையும் அதே அழகு. ரேடியோ அலை வீசும் தூரத்துப் பொருள் ஒன்றை நிலா மறைக்கும்போது சிக்னல் எப்படி விழுகிறது, விலகும்போது எப்படி எழுகிறது என்று அளந்தால் அதன் இடமும் அளவும் தெரிந்துவிடும். நிலா எப்போது எங்கே இருக்கும் என்பது துல்லியமாகத் தெரியுமே. இப்படி ஒவ்வொன்றாக, வருடக்கணக்காக, நூற்றுக்கணக்கில் அளந்தார்கள்.

“இதனால கேரட் விலை ஏறுமா?” என்று டீக்கடையில் கேட்பார்கள். ஏறாது. சூரியனிலிருந்து வீசும் துகள் காற்றைக் கண்காணிக்க இது உதவுகிறது என்று நான் பதில் சொல்லலாம், அதுவும் உண்மைதான். ஆனால் அந்தப் பயன் இல்லாவிட்டாலும் இதற்காக நான் வாதாடுவேன். எதற்கு, ஏன் என்று கேட்கும் பிள்ளைக்கு அந்தக் கேள்வியே போதுமான காரணம்.

ஆசிரியர்களே, அடுத்த முறை பிள்ளைகளைக் கூட்டி வரும்போது, முன்கூட்டியே அனுமதி கேட்டு முத்தோரைக்கும் வாருங்கள். பாகைமானி, நூல், நுனியில் கட்ட ஒரு கல் இருந்தால் போதும், சரிவைப் பிள்ளைகளே அளக்கட்டும். இரவு தங்கினால், வடக்கே மேடு மறைக்காத இடமாகப் பார்த்து துருவ நட்சத்திரத்தின் உயரத்தையும் அளக்கச் சொல்லுங்கள். அதுவும் 11 டிகிரிக்குப் பக்கத்தில்தான் வரும். ஏன் என்று உடனே சொல்லிவிடாதீர்கள்.