டொராண்டோ வெள்ளைக் கழுகுகள்: பெயர் எங்கிருந்து வந்தது?

‘டொராண்டோவின் செர்பியன் ஒயிட் ஈகிள்ஸ் (வெள்ளைக் கழுகுகள்) கால்பந்துக் குழு, போஸ்னியப் போரில் கொடுமை செய்த செர்பிய ஆயுதக் குழுவின் பெயரைத்தான் சூட்டிக்கொண்டிருக்கிறது’ என்று ஒரு செய்தி பரவுகிறது. இது தவறு.

ஆண்டைப் பார்த்தாலே போதும். இந்தக் குழுவை கனடாவில் குடியேறிய செர்பியர்கள் தொடங்கியது 1968-ல். அந்த ஆயுதக் குழு தலையெடுத்ததோ 1990-களில், செர்பியாவும் போஸ்னியாவும் சேர்ந்திருந்த யுகோஸ்லாவியா நாடு உடைந்தபோது. இருபது வருடத்துக்கு மேல் இடைவெளி.

சரி, கழுகு எங்கிருந்து வந்தது? செர்பியாவின் அரசுச் சின்னத்தைப் பாருங்கள்: சிவப்புக் கேடயம், அதில் இரண்டு தலைகளை இருபக்கமும் திருப்பி நிற்கும் வெள்ளைக் கழுகு. 1882-ல் செர்பியா இராச்சியம் ஆனபோது வந்த சின்னத்திலும் அதே கழுகுதான். இன்றைய செர்பிய தேசிய அணியையும் ரசிகர்கள் கழுகுகள் என்றே அழைக்கிறார்கள்.

அந்த ஆயுதக் குழு செய்தவை மன்னிக்க முடியாதவை. அதற்காக, டொராண்டோவின் எட்டோபிகோக் புறநகர் மைதானத்தில் பந்து விளையாடுகிறவர்கள் மேல் அந்தப் பழியைப் போடுவது பெரிய அநியாயம். 2006-ல் இவர்களுக்குப் பயிற்சியாளராக இருந்தவர், யுகோஸ்லாவிய அணியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர் டிராகோஸ்லாவ் ஷெகுலாராட்ஸ்.