மாஸ்டர் ட்ராக்கில் என்ஹான்சர் எதற்கு?

கடலூரிலும் புதுச்சேரியிலும் வீட்டின் ஓர் அறையைச் சிறு ஸ்டூடியோவாக மாற்றிக்கொண்டு, தேவாரமும் பக்திப் பாடல்களும் நாதஸ்வரமும் பதிவு செய்யும் நண்பர்கள் பலர் இருக்கிறார்கள். மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆனால் அவர்கள் கேட்கத் தரும் மிக்ஸிங்குகளில் ஒரே பழக்கத்தை மீண்டும் மீண்டும் காண்கிறேன். பாட்டு முழுவதையும் சுமக்கும் மாஸ்டர் ட்ராக்கில், தேவையா என்ற கேள்வியே எழாமல், ஒலியைப் பளிச்சென்று காட்டும் என்ஹான்சர் என்ற ப்ளக்-இன் (ஒலிப்பதிவு மென்பொருளில் சேர்க்கும் துணை மென்பொருள்) அமர்ந்திருக்கிறது. நம் கருவிகளுக்கும் குரல்களுக்கும் அது பெரும்பாலும் வேண்டியதில்லை என்பது என் உறுதியான கருத்து.

ஈக்வலைசர் பதிவில் ஏற்கெனவே உள்ள அதிர்வெண்களைக் கூட்டும் அல்லது குறைக்கும். இல்லாததை அதனால் உண்டாக்க முடியாது. என்ஹான்சர், அதிலும் எக்சைட்டர் எனப்படும் வகை, ஒலியின் மேற்பகுதியைத் தனியே வடிகட்டியெடுத்து, அதைச் சற்றே சிதைத்து, அந்தச் சிதைவில் பிறக்கும் புதிய மேற்சுரங்களை (அடிச்சுரத்துக்கு மேலே எழும் உயர் அதிர்வெண்களை) மூல ஒலியோடு சிறிதளவு கலக்கிறது. 1970களின் நடுவில் அமெரிக்காவின் அஃபெக்ஸ் நிறுவனம் ஆரல் எக்சைட்டர் என்ற கருவியைக் கொண்டுவந்தபோது, அதை விற்காமல் ஸ்டூடியோக்களுக்கு வாடகைக்கு விட்டு, முடிந்த பாடலின் நிமிடத்துக்கு 30 டாலர் வீதம் வசூலித்தது. அந்தக் காலத்தில் அதற்கு நியாயம் இருந்தது. நாடாவில் பதிந்ததை நகலெடுத்து, அந்த நகலையும் நகலெடுக்கும்போது, ஒவ்வொரு படியிலும் உச்ச அதிர்வெண்கள் தேய்ந்துகொண்டே போயின. இன்று கணினியில் 24 பிட்டில் பதியும் ஒலி எத்தனை முறை நகலெடுத்தாலும் தேய்வதில்லை. இழக்காத ஒன்றுக்கு ஈடு தேடிக்கொண்டிருக்கிறோம்.

நம் கருவிகளைப் பொறுத்தவரை இது இன்னும் பொருந்தாத வேலை. தம்புராவின் குதிரைக்கும் தந்திக்கும் இடையே செருகும் ஜீவா நூல், மேற்சுரங்களை மலரச் செய்வதற்கென்றே இருப்பது. மிருதங்கத்தின் வலந்தலையில் பூசும் கரணை என்ற கருஞ்சாந்து, தோல் தானாக எழுப்பும் ஒழுங்கற்ற மேற்சுரங்களை ஒத்திசைவுக்குக் கொண்டுவருகிறது என்பதை சர் சி. வி. இராமன், சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920இல் நேச்சர் இதழில் எழுதினார். சீவாளியின் அதிர்விலிருந்து எழும் நாதஸ்வர ஒலியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதில் கூர்மைக்குப் பஞ்சமே இல்லை. கருவி செய்தவர் கைப்பக்குவத்தில் அளந்து வைத்த மேற்சுரங்களின் மேல், எந்தக் கருவி என்றே அறியாத ஒரு மென்பொருள் மேலும் ஓர் அடுக்கை ஏற்றுவதால், வாசிப்பின் நுணுக்கம் மறைந்து கரகரப்புதான் மிஞ்சுகிறது.

இன்னொரு தொல்லையும் உண்டு. 44,100 ஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில், அதாவது கணினி ஒலியை நொடிக்கு அத்தனை முறை அளக்கும் வேகத்தில், வேலை செய்யும்போது, 10,000 ஹெர்ட்ஸ் ஒலிக்கு மூன்று மடங்கான 30,000 ஹெர்ட்ஸ் மேற்சுரம் உருவானால், அந்த வீதத்தின் பாதிக்கு மேல் நிற்க இடமின்றி, அது 14,100 ஹெர்ட்ஸாக மடங்கி விழும். மூலச் சுரத்தோடு எந்த உறவும் இல்லாத ஒலி அது. உள்ளுக்குள் மாதிரி வீதத்தை உயர்த்திக் கணக்கிடும் ஓவர்சாம்ப்ளிங் வசதி உள்ள ப்ளக்-இன்கள் இதைப் பெருமளவு தடுக்கும். அந்தப் பொத்தானைத்தான் நம்மவர்கள் கணினி வேகம் குறைகிறது என்று அணைத்துவிடுகிறார்கள்.

பிறகு ஏன் எல்லோருக்கும் அது பிடித்துப்போகிறது? போட்டவுடன் ஒலியின் அளவும் சற்று உயர்கிறது. உரக்க ஒலிப்பதைக் காது தெளிவானது என்று நம்புகிறது. பெல் ஆய்வகத்தின் ஃப்ளெட்சரும் மன்சனும் 1933இலேயே, ஒலியின் அளவு மாறும்போது தாழ்ந்த, உயர்ந்த அதிர்வெண்களைக் காது உணரும் விதமும் மாறுகிறது என்று காட்டிவிட்டார்கள். ஆகவே என்ஹான்சர் இருக்கும்போதும் இல்லாதபோதும் ஒலியளவைச் சமமாக வைத்து மாற்றி மாற்றிக் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது. காரத்துக்குப் பழகிய நாக்கைப் போலக் காதும் சில நிமிடங்களில் பழகிவிடுவதால், அரை மணி நேரம் கழித்து என்ஹான்சரின் கைப்பிடி தானாக மேலே போயிருக்கும்.

திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயில் போன்ற கருங்கல் மண்டபத்தில் ஓதுவார் பாடுவதைப் பதிவு செய்தால், என்ஹான்சர் அவர் குரலை மட்டும் தேர்ந்தெடுத்து மெருகேற்றுவதில்லை. எதிரொலியும், நம் ஊர்ப் புழுக்கத்துக்காக ஓடும் மின்விசிறியின் இரைச்சலும் சேர்ந்தே மேலே வரும். சகர ஒலிகள் ஊசியாகக் குத்தும். அதை அடக்க டி-எஸ்ஸர் என்ற இன்னொரு ப்ளக்-இன் போட வேண்டியிருக்கும். மைக்கை ஒரு சாண் நகர்த்தினால் தீரக்கூடிய விஷயம் இது.

நான் முற்றிலும் வேண்டாம் என்பவனல்லன். உச்ச ஒலி தேய்ந்துபோன பழைய கேசட்டை மீட்கும்போதும், சட்டைக்குள் மறைந்த காலர் மைக்கில் பதிந்த மந்தமான பேச்சுக்கும் எக்சைட்டர் உண்மையிலேயே உதவும். தாழ்ந்த ஒலிகளுக்கான பேஸ் என்ஹான்சர் இன்னும் பயனுள்ளது. தவிலில் தாழ்ந்த ஒலி தரும் தொப்பிப் பக்கத்தின் ஒலி கைப்பேசி ஸ்பீக்கரில் வராது. ஆனால் 80 ஹெர்ட்ஸ் ஒலிக்கு 160, 240, 320 என மேற்சுரங்களைச் சேர்த்தால், இல்லாத அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்ளும். இவையெல்லாம் அந்தந்த ட்ராக்கில், தனியே ஒரு இணைத் தடத்தில், குறைந்த அளவில் செய்ய வேண்டியவை.

ஸ்டூடியோ வைத்திருக்கும் நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள்: பாடியவருக்குக் கோப்பைக் கொடுக்கும்போது, என்ஹான்சர் போடாத 24 பிட் வேவ் கோப்பையும் சேர்த்துக் கொடுங்கள். கலந்துவிட்ட மேற்சுரங்களைப் பின்னால் பிரித்தெடுக்க வழியில்லை. போடாத கோப்பு இருந்தால் எப்போது வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.