‘ஒரே மூச்சில் படித்தேன்’ என்பது ரிவ்யூ ஆகாது

“செம விறுவிறுப்பு, ஒரே மூச்சில் படித்தேன், ஐந்து ஸ்டார்!” கிண்டிலில் எழுத்தாளர்களே நேரடியாக வெளியிடும் தமிழ்த் திரில்லர்களுக்குக் கீழே பெரும்பாலும் இதுதான். இல்லாவிட்டால் “மொக்கை, நேரம் வீண்” என்று ஒற்றை வரி. இரண்டும் வாசகருக்கும் உதவாது, எழுதியவருக்கும் உதவாது. சுயபதிப்பில் பலருக்கு எடிட்டர் கிடையாது, ப்ரூஃப் பார்க்க ஆளும் கிடையாது. ஆனால் அச்சுப் புத்தகத்துக்கு இல்லாத ஒரு வசதி உண்டு. எழுத்தாளர் நினைத்தால் கோப்பைத் திருத்தி உடனே மறுபடி ஏற்றிவிடலாம். கதை எந்த இடத்தில் இற்றுப்போகிறது என்று குறிப்பாகச் சொல்லும் ரிவ்யூவுக்கு இங்கே அவ்வளவு மதிப்பு இருப்பது இதனால்தான்.

திரில்லரை இரண்டு தடவை படிக்காமல் ரிவ்யூ எழுதக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. முதல் தடவை வாசகராக மட்டும் படியுங்கள். எந்த இடத்தில் கீழே வைக்கத் தோன்றியதோ அதை மட்டும் குறித்தால் போதும். இரண்டாம் தடவை, கொலையாளி யாரென்று தெரிந்த கண்ணோடு, கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு படிக்க வேண்டும். அத்தியாயம், கிழமை, நேரம், யார் எங்கே இருந்தார் என்று நான்கு நெடுவரிசை போடுங்கள். பாதி ஓட்டைகள் அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். செவ்வாய் இரவு கொலை. ‘மூன்று நாள் கழித்து ஞாயிற்றுக்கிழமை’ என்கிறது 11-ஆம் அத்தியாயம். மதுரையில் ஒன்பது மணிக்குச் சாப்பிட்டவன் பத்து மணிக்குச் சென்னையில் கதவைத் தட்டுகிறான். தொடராக எழுதிப் பிறகு ஒன்றாகச் சேர்த்த நாவல்களில் இது அதிகம்.

அடுத்தது, வாசகரை ஏமாற்றாமல் கதை விளையாடியதா என்பது. துப்பறியும் கதைக்கு ஆங்கில எழுத்தாளர் ரொனால்ட் நாக்ஸ் 1929-இல் பத்து விதிகள் எழுதினார். குற்றவாளி கதையின் முற்பகுதியிலேயே வந்திருக்க வேண்டும், துப்பறிபவருக்குத் தற்செயல் உதவக் கூடாது என்பவை அவற்றுள் உண்டு. இந்த இரண்டும் இன்றைக்கும் நல்ல அளவுகோல். கடைசி இருபது பக்கத்தில் திடீரென இரட்டைச் சகோதரன் முளைத்தால் அதை ட்விஸ்ட் என்று பாராட்டாதீர்கள். முடிச்சை அவிழ்க்கும் தடயங்கள் முன்பே கண்ணில் பட்டனவா, எத்தனை, எந்தெந்த அத்தியாயத்தில் என்று எண்ணிப் பாருங்கள்.

போலீஸ், மருத்துவ விவரங்களில்தான் பலர் சறுக்குகிறார்கள். 1.7.2024 முதல் நடக்கும் கொலைக்கு பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய தண்டனைச் சட்டத்தின் 103-ஆம் பிரிவு. அதற்கு முன் நடந்ததற்குப் பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 302. கதை எந்த ஆண்டில் நடக்கிறது என்று பார்த்த பிறகே குறை சொல்லுங்கள். போலீஸிடம் கொடுக்கும் ஒப்புதல் வாக்குமூலம் கோர்ட்டில் அப்படியே சாட்சியமாகாது. அதைக் கொண்டு ஒரு பொருள் கைப்பற்றப்பட்டால், அது தொடர்பான பகுதி மட்டும் ஏற்கப்படும். ஸ்டேஷனில் அழுது ஒப்புக்கொண்டதும் வழக்கு முடிந்துவிடுகிற நாவலில் மிச்ச வேலையை யார் செய்வது? சித்திரை வெயிலில் பூட்டிய வீட்டில் மூன்று நாள் கிடந்த உடல் ‘விறைத்துக் கிடந்தது’ என்று எழுதுவதும் தவறு. நம் ஊர் வெப்பத்தில் விறைப்பு அதற்குள் தளர்ந்து, உடல் அழுகத் தொடங்கியிருக்கும். குளோரோஃபார்ம் நனைத்த கைக்குட்டை இரண்டு நொடியில் யாரையும் சாய்க்காது, பல நிமிடம் ஆகும். போன் சுவிட்ச் ஆஃப் ஆனபின் கடைசியாகத் தொட்ட டவர்தான் தெரியும்; ஆள் நிற்கும் தெரு தெரியாது.

மொழியில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். துணைக்காலுக்குப் பதில் ‘ர’ வருவது, கொம்பு இடம் மாறுவது எல்லாம் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது நேரும் கோளாறு. ‘அவளை பார்த்தான்’ என்று ஒற்று விடுபடுவது எழுதியவரின் பிழை. இரண்டையும் ரிவ்யூவில் கொட்ட வேண்டாம். ‘ஒற்றுப்பிழை அதிகம்’ என்று ஒரு வரி போதும். பட்டியலை, கிண்டில் லொக்கேஷன் எண்ணோடு (புத்தகத்தில் அந்த வரி எங்கே இருக்கிறது என்று கிண்டில் காட்டும் எண்), எழுத்தாளருக்குத் தனியே அனுப்புங்கள்.

கதைச் சுருக்கம் முதல் கால்பகுதியைத் தாண்டக் கூடாது. ‘கடைசி ட்விஸ்ட்டை யூகிக்கவே முடியாது’ என்பதும் ஸ்பாய்லர்தான். அதைப் படித்தவர் முதல் பக்கத்திலிருந்தே ஒவ்வொருவரையும் சந்தேகப்படுவார். ஓட்டையைச் சொல்லாமல் இருக்கவும் முடியாது என்றால், ‘கொலை நடந்த இரவின் கால வரிசை 11-ஆம் அத்தியாயத்தோடு ஒத்துவரவில்லை’ என்ற அளவில் நிறுத்துங்கள். எழுதியவருக்கு அது புரியும், படிக்காதவருக்கு எதுவும் கெடாது.

நண்பரின் நாவலுக்கு அமேசானில் ரிவ்யூ போடாதீர்கள். குடும்பத்தாரும் நெருங்கிய நண்பர்களும் போடுவதை அமேசான் விதியே அனுமதிப்பதில்லை. ‘நீ எனக்குப் போடு, நான் உனக்குப் போடுகிறேன்’ என்பதும் அப்படித்தான். இலவசப் பிரதி வாங்கியிருந்தால் அதை முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

ரிவ்யூவின் அடியில் படித்த மாதத்தையும் ஆண்டையும் மறக்காமல் போடுங்கள். நீங்கள் சுட்டிக்காட்டிய ஞாயிற்றுக்கிழமை அடுத்த மாதமே வெள்ளிக்கிழமையாக மாறியிருக்கலாம்.