லேப்டாப் ஸ்லோ ஆனால் ப்ராசஸர் தேய்ந்துவிட்டது என்று அர்த்தமா?

5 வருஷம் தாண்டிய லேப்டாப்பில் ப்ராசஸர் தேய்ந்துவிடும், எஸ்எஸ்டி (ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் வேகமான சேமிப்பு) போட்டும் பலனில்லை, புதுசுதான் வாங்க வேண்டும் என்று மேலே அண்ணன் ஒருவர் சொல்லியிருக்கிறார். அது சரியில்லை அண்ணே. ப்ராசஸர் செருப்பு மாதிரி தேயாது. ஃபேனில் தூசி அடைத்துச் சூடேறினால் தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அவ்வளவுதான் (நம்ம மதுரை வெயிலும் புழுதியும் அதற்குத் தோதானவை). பெரும்பாலும் இழுப்பது ஹார்டு டிஸ்க்.

நீங்களே பார்த்துவிடலாம். ஆன் செய்து 10 நிமிஷம் விடுங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ் பக்கம். டிஸ்க் என்பதன் கீழே எச்டிடி (ஹார்டு டிஸ்க்) என்று இருந்து, வழக்கமான வேலை ஓடும்போது டிஸ்க் 100 சதவீதத்திலேயே நிற்க, சிபியு (ப்ராசஸர்தான்) 20, 30-ஐத் தாண்டவில்லை என்றால் குற்றவாளி டிஸ்க்தான். அதை எடுத்துவிட்டு சாட்டா எஸ்எஸ்டி (அதே இடத்தில் பொருந்தும் வகை) போட்டாலே ஆள் மாறிவிடும்.

ஒன்று மட்டும் கவனம்: மெமரி (ரேம்) 90 சதவீதத்துக்கு மேல் இருந்தாலும் டிஸ்க் 100 காட்டும். ரேம் போதாமல் விண்டோஸ் டிஸ்க்கைக் கடன் வாங்குகிறது. அப்போது ரேமையும் கூட்ட வேண்டும். போர்டோடு ஒட்டிய ரேமா, ஸ்லாட் உண்டா என்று முதலில் பாருங்கள்.

சிபியுவே 100-ல் நின்றால் அண்ணன் சொன்னபடி புதுசு யோசிக்கலாம், அதுவும் தூசி தட்டிப் பார்த்த பிறகு. டவுன்ஹால் ரோடு கடைப் பக்கம் போகுமுன் இந்தத் திரையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.